வக்கீல் சொன்னார், ஒப்புக்கொண்டேன்: திரும்பப் பெற முடியுமா?

அடுத்த கேள்வி. தெருச்சண்டை வழக்கில் மாட்டிய ஒரு தம்பி எழுதியிருக்கிறார். "ஒப்புக்கொண்டு ஆயிரம் ரூபாய் அபராதம் கட்டிவிடு, எங்கேயும் பதிவாகாது" என்றாராம் அவருடைய வக்கீல். கட்டிவிட்டார். எட்டு மாதம் கழித்து, அரசு வேலைக்கான போலீஸ் சரிபார்ப்பில் 'தண்டனை பெற்றவர்' என்று வந்து நிற்கிறது. ஒப்புக்கொண்டதைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்கிறார்.

தம்பி, அபராதமும் தண்டனைதான். இதைச் சொல்லாத வக்கீல்மேல் எனக்கே கோபம் வருகிறது. ஆனால் தீர்ப்பில் கையெழுத்துப் போட்ட மாஜிஸ்திரேட்டிடமே போய் மாற்றச் சொல்ல முடியாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (BNSS) 403-ஆவது பிரிவுப்படி எழுத்துப்பிழை, கணக்குப்பிழையைத்தான் அவர் திருத்தலாம். மேல்முறையீடு செய்தாலும் தண்டனையின் அளவையும் அது சட்டப்படி சரியா என்பதையும் பற்றி மட்டுமே பேசலாம். மிச்சமிருப்பது சீராய்வு மனு, அதாவது கீழ் நீதிமன்றம் செய்தது சட்டப்படி சரியா என்று பார்க்கச் சொல்லி மேல் நீதிமன்றத்தில் போடும் மனு. அதற்கு 90 நாள் கெடு; உங்களுக்கு அது தாண்டிவிட்டதால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் சேர்த்துப் போட வேண்டும்.

அங்கே "வக்கீல் தப்பாகச் சொன்னார்" என்பது மட்டும் எடுபடுவது கடினம். அமெரிக்காவில் நிலைமை வேறு. நாடு கடத்த மாட்டார்கள் என்று வக்கீல் சொன்னதை நம்பி ஒப்புக்கொண்ட படில்லா என்பவரின் வழக்கில், 2010-இல் உச்ச நீதிமன்றமே அந்த ஆலோசனையைக் குறைபாடுள்ளது என்றது. நாம் பிடிக்க வேண்டிய நூல் வேறு.

அதே புதிய சட்டத்தின் 275-ஆவது பிரிவைப் பாருங்கள். ஒப்புக்கொள்பவர் சொன்னதைக் கூடியவரை அவருடைய வார்த்தைகளிலேயே மாஜிஸ்திரேட் பதிவு செய்ய வேண்டும். பழைய சட்டத்திலும் இது இருந்தது. அப்படிப் பதிவு செய்யாததாலேயே, நம் மதராஸ் மதுவிலக்குச் சட்ட வழக்கு ஒன்றில், மகந்த் கௌசல்யா தாஸ் வழக்கு என்பார்கள், 1960-களில் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

அன்று காலையை நினைத்துப் பாருங்கள். பெயரைக் கூப்பிட்டார்கள், கூண்டில் ஏறினீர்கள். குற்றச்சாட்டு என்னவென்று உங்களுக்குப் புரியும்படி சொன்னார்களா? "ஆமாம் ஐயா" என்றது நீங்களா, பக்கத்தில் நின்ற வக்கீலா? கோப்பில் உங்கள் வார்த்தை இருக்கிறதா, அச்சடித்த ஒற்றை வரி இருக்கிறதா? உங்கள் வழக்கின் உயிர் அந்த வரியில்தான் இருக்கிறது. அதனால் கோப்பின் நகல் கேட்டு நாளைக்கே நீதிமன்றத்தில் மனு போடுங்கள்.

ஜெயித்தாலும் விடுதலை என்று நினைத்துவிடாதீர்கள். வழக்கு திரும்பவும் விசாரணைக்கே போகலாம், அடிபட்டவர் சாட்சி சொல்ல வரலாம். இதற்கிடையில் வேலைக்கான படிவத்தில் வழக்கை மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் அதுவே தனிச் சிக்கல்.

நகல் கைக்கு வந்ததும் எழுதுங்கள். அந்த வரியைப் படித்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.