வென்றது ஒன்று, தோற்றது ஆறு: டெட்ராய்ட் லயன்ஸின் 2022 பருவம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்து என்று சொன்னதும், தலைக்கவசம் அணிந்த பருமனான ஆட்கள் ஒருவர் மீது ஒருவர் பாய்ந்து விழும் காட்சிதான் நம்மில் பலருக்கு நினைவில் எழும். மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டை அடுத்த ஒரு புறநகரில், கார் பிரேக்குகளை வடிவமைக்கும் வேலையில் சேர்ந்து 2007-ஆம் ஆண்டு குடியேறியபோது நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவர் எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர். கார்த் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் மீது அவருக்கிருந்த பற்று அவருடைய தந்தையிடமிருந்து வந்தது. இன்றைக்கு நான் பேசவிருப்பது அந்த அணியின் 2022-ஆம் ஆண்டுப் பருவத்தைப் பற்றி, அதாவது மோசமாகத் தோற்றுக்கொண்டிருந்த ஓர் அணி எப்படித் தேறியது என்பதைப் பற்றி.

ஆட்டத்தை அறியாத நேயர்களுக்காக மூன்றே செய்திகளைச் சொல்லிவிடுகிறேன்; இவை போதும். பந்தைக் கையில் வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு; அந்த நான்கில் பத்து கெஜ தூரம் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும், முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டு சேர்த்தால் அது டச்டவுன், ஆறு புள்ளிகள். கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் மூன்று புள்ளிகள். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். அவர் எறியும் பந்தை எதிரணியினர் பிடித்துக்கொள்வதற்கு இன்டர்செப்ஷன் என்று பெயர்.

எதிர்வீட்டுப் பெரியவரின் கார் நிறுத்தும் அறைச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கும். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அந்த நாளின் கட்டத்தில் இரு அணிகளின் புள்ளிகளையும் பென்சிலால் எழுதி, லயன்ஸ் வென்றிருந்தால் சிவப்பு மையால் வட்டமிடுவார். நான் வந்த மறு ஆண்டு, 2008-இல், லயன்ஸ் அணி ஆடிய பதினாறு ஆட்டங்களிலும் தோற்றது. அதுவரை பதினாறு ஆட்டங்கள் கொண்ட ஒரு பருவத்தில் எல்லாவற்றிலும் தோற்ற அணி வேறு எதுவும் இல்லை. அந்த ஆண்டு நாட்காட்டியில் பென்சில் எழுத்துகள் மட்டுமே இருந்தன. சிவப்புப் பேனா ஒரு நூலில் கட்டப்பட்டுப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. டிசம்பர் முடியும்வரை அதை அவர் கழற்றவே இல்லை.

இந்த அணி கடைசியாகச் சாம்பியன் பட்டம் வென்றது 1957-இல். கிளீவ்லாண்ட் பிரவுன்ஸை 59-14 என்று வீழ்த்திய அந்த ஆட்டத்தின்போது பெரியவருக்கு ஒன்பது வயது. அதன் பிறகு 2022 வரை பிளேஆஃப் என்னும் இறுதிச் சுற்றுகளில் லயன்ஸ் வென்றது ஒரே ஒரு ஆட்டம்தான். 1992 ஜனவரியில், டல்லஸ் கவ்பாய்ஸுக்கு எதிராக. அறுபத்தைந்து ஆண்டுகளில் ஒரே ஒரு வெற்றி என்பதை நேயர்கள் ஒரு கணம் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நான் சொல்லப்போகும் பொறுமை எவ்வளவு அரியது என்பது அப்போதுதான் விளங்கும்.

2021 ஜனவரியில் டான் கேம்ப்பெல் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். அவர் இதே அணியில் முன்பு ஆடியவர். 2008-ஆம் ஆண்டுக் குழுவிலும் இருந்தார், காயத்தால் அந்தப் பருவத்தின் பெரும்பகுதியை ஆடாமலே கழித்தார். பொது மேலாளராக பிராட் ஹோம்ஸ் வந்தார். வந்த வேகத்தில், பன்னிரண்டு பருவங்கள் லயன்ஸுக்கு ஆடிய குவார்ட்டர்பேக் மாத்யூ ஸ்டாஃபோர்டை லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணிக்கு அனுப்பிவிட்டு, அங்கே வேண்டாதவராகிப் போயிருந்த ஜாரெட் காஃபையும், வருங்காலத்தில் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்புகளையும் பெற்றுக்கொண்டார்கள். ஸ்டாஃபோர்ட் போன முதல் ஆண்டிலேயே ராம்ஸுடன் சூப்பர் பவுல் என்னும் இறுதிப் போட்டியில் கோப்பையை வென்றார். அதே ஆண்டில் லயன்ஸ் மூன்று ஆட்டங்களை வென்று, பதின்மூன்றில் தோற்று, ஒன்றைச் சமன் செய்தது. ஊர் எப்படி மனம் குமுறியிருக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

இனி 2022. முதல் ஏழு ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில் வெற்றி, ஆறில் தோல்வி. இந்த இடத்தில்தான் நான் நிறுத்தி நிதானமாகப் பேச விரும்புகிறேன். அக்டோபர் மாதக் கடைசியில் ஒரு மாலை, இலைகளை வாரிக் குவித்துவிட்டு அவர் வீட்டுப் பக்கம் போனேன். ஆறுதல் சொல்லத்தான் போனேன். அவர் நாட்காட்டியைக் காட்டினார். அந்த ஆண்டு ஒவ்வொரு தோல்வியின் கீழும் சிறியதாக இன்னொரு எண்ணை எழுதியிருந்தார். எத்தனை புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம் என்ற கணக்கு அது. ஃபிலடெல்பியாவிடம் 38-35, வித்தியாசம் மூன்று. மினசோட்டாவிடம் 28-24, நான்கு. சியாட்டிலிடம் 48-45, மூன்று. நியூ இங்கிலாந்திடமும் டல்லஸிடமும் நன்றாக அடி வாங்கியிருந்தார்கள், அதை மறைக்க முடியாது. ஒன்றில் 29-0, மற்றொன்றில் 24-6. மயாமியிடம் 31-27, மீண்டும் நான்கு. ஆறு தோல்விகளில் நான்கு, ஒரே ஒரு டச்டவுன் கூடுதலாகக் கிடைத்திருந்தால் வெற்றியாகியிருக்கும் தோல்விகள். பெரியவர் அந்தச் சிறிய எண்களின் மேல் விரலை வைத்து, "இதையும் பார்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து நானும் கூட்டிப் பார்த்தேன். முதல் நான்கு ஆட்டங்களில் லயன்ஸ் எடுத்த புள்ளிகள் 140. எதிரணிகளுக்குக் கொடுத்தவை 141. நேயர்களே, நான்கு ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் ஒரே ஒரு புள்ளி பின்தங்கிய அந்த அணி, பட்டியலில் ஒரு வெற்றியும் மூன்று தோல்விகளுமாக நின்றது. வெற்றி தோல்விப் பட்டியல் எதைக் காட்டுகிறதோ அது உண்மைதான், ஆனால் அது தாமதமாகக் காட்டும் உண்மை. அணி ஒன்று தேறத் தொடங்கிய பின்பு, வாரங்கள் கழித்தே அது பட்டியலில் ஏறும். இதை நான் என் வேலையிலும் கண்டிருக்கிறேன்: ஒரு பாகத்தின் வடிவத்தைச் சரிசெய்த பின்பும், பழைய பாகங்கள் தீரும்வரை குறைபாட்டு எண்ணிக்கை இறங்காது. அதற்குள் பொறுமையிழந்து வடிவத்தையே மாற்றிவிடுபவர்கள் உண்டு.

லயன்ஸின் உரிமையாளர் ஷீலா ஃபோர்ட் ஹாம்ப் அந்த அவசரத்துக்கு இடம் கொடுக்கவில்லை. ஐந்தாவது தோல்விக்குப் பிறகு, பயிற்சித் திடலில் செய்தியாளர்கள் முன் தாமாகவே வந்து நின்று, பயிற்சியாளர் மீதும் மேலாளர் மீதும் தமக்குள்ள நம்பிக்கை குறையவில்லை என்றும், யாரும் பதற வேண்டாம் என்றும் சொன்னார். அதற்குப் பின் மயாமியிடம் வந்த ஆறாவது தோல்வியோடு ஒன்றும் மாறாமல் இல்லை. பின்களத் தற்காப்பு வீரர்களின் பயிற்சியாளர் நீக்கப்பட்டார், டி.ஜே. ஹாக்கன்சன் என்ற முன்னணி ஆட்டக்காரர் வேறு அணிக்கு மாற்றப்பட்டார். ஆனால் தலைமைப் பயிற்சியாளரையோ, தற்காப்புக்குப் பொறுப்பான ஆரன் கிளெனையோ தொடவில்லை. மறுபடியும் சொல்கிறேன்: ஒன்றும் ஆறுமாக நின்றபோது, தலைமையில் இருந்தவர்களை மாற்றவில்லை.

அடுத்து வந்த பத்து ஆட்டங்களில் எட்டு வெற்றிகள். முதல் ஏழு ஆட்டங்களில் ஆட்டம் ஒன்றுக்குச் சராசரியாக 32 புள்ளிகளை விட்டுக்கொடுத்த தற்காப்பு, கடைசிப் பத்தில் ஏறத்தாழ 20 புள்ளிகளையே விட்டுக்கொடுத்தது. மறுபக்கம், ராம்ஸ் வேண்டாமென்று அனுப்பிய ஜாரெட் காஃப், நவம்பர் முதல் வாரத்துக்குப் பின் பருவம் முடியும்வரை எறிந்த பந்துகளில் ஒன்றைக்கூட எதிரணி கையில் கொடுக்கவில்லை. தொடர்ச்சியாக 324 எறிகள். ஒவ்வொரு எறியின்போதும் நூற்றிருபது, நூற்றைம்பது கிலோ எடையுள்ள ஆட்கள் அவரை வீழ்த்த ஓடி வந்துகொண்டிருப்பார்கள் என்பதையும், முடிவெடுக்க அவருக்கு இரண்டு மூன்று வினாடிகளே உண்டு என்பதையும் எண்ணிப் பார்த்தால், அந்த எண்ணிக்கையின் அருமை தெரியும். வீரத்தைவிட நிதானத்துக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பவன். அதனாலேயே காஃபைப் பற்றி என்னிடம் பேச்சுக் கொடுத்தால் எளிதில் விடமாட்டேன்.

டிசம்பர் 18 அன்று நியூயார்க் ஜெட்ஸுடன் ஆடிய ஆட்டத்தின் ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். இரண்டு நிமிடங்களுக்கும் குறைவான நேரம், லயன்ஸ் 13-17 என்று பின்தங்கியிருந்தது, நான்காவது முயற்சி, தேவைப்பட்ட தூரம் ஒரு கெஜத்துக்கும் குறைவு. எல்லோரும் நடுவில் முட்டித் தள்ளி அந்தச் சிறு தூரத்தைக் கடப்பார்கள் என்றே எதிர்பார்த்தார்கள், ஜெட்ஸ் அணியினரும் அப்படித்தான் நெருக்கமாகத் திரண்டு நின்றார்கள். பிராக் ரைட் என்பவர் அந்தக் கூட்டத்திலிருந்து ஓசையின்றி ஒரு பக்கமாக நழுவினார். காஃப் பந்தை மெல்ல அவர் கையில் சேர்த்தார். அவருக்கு முன்னால் ஒருவரும் இல்லை. ஐம்பத்தொரு கெஜம் ஓடி எல்லைக்கோட்டைக் கடந்தார், லயன்ஸ் 20-17 என்று வென்றது. ஒரு வாரம் முந்தைய ஆட்டத்தில், பொதுவாகப் பந்தையே தொடாத பெனி சூவெல் என்ற மாபெரும் தடுப்பாளரிடம் பந்தை எறிந்து வெற்றியை உறுதிசெய்தவர்களும் இவர்கள்தான். இந்த ஆட்டங்களைத் தீட்டியவர் அந்த ஆண்டுதான் தாக்குதல் பொறுப்பை ஏற்றிருந்த பென் ஜான்சன்.

எல்லாமே ஏறுமுகமாக இருந்தது என்று சொன்னால் நான் உண்மை பேசியவன் ஆகமாட்டேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கரோலினா பாந்தர்ஸ் அணி பந்தைக் கையில் பிடித்தபடியே 320 கெஜம் ஓடி லயன்ஸை வென்றது. பிளேஆஃபுக்குள் நுழையும் வாய்ப்பு இறுதியில் கைநழுவியதற்கு அந்த ஒரு நாளும் காரணம்.

கடைசி ஆட்டம் 2023 ஜனவரி 8, ஞாயிறு இரவு, கிரீன் பேயில். விஸ்கான்சின் மாநிலத்தின் கடுங்குளிரில், ஆரன் ராட்ஜர்ஸ் ஆடும் பாக்கர்ஸ் அணியை அதன் சொந்தத் திடலில் சந்திக்க வேண்டும். பாக்கர்ஸ் வென்றால் பிளேஆஃபுக்குப் போய்விடும். லயன்ஸுக்கோ, ஆட்டம் தொடங்குமுன்பே கதவு மூடிவிட்டது; அன்று மாலை சியாட்டில் அணி ராம்ஸைக் கூடுதல் நேரத்தில் 19-16 என்று வென்றதால், லயன்ஸ் வென்றாலும் பயனில்லை என்றாகிவிட்டது. அன்றிரவு பெரியவர் வீட்டில்தான் பார்த்தேன். பெறுவதற்கு ஒன்றும் இல்லாத அணி ஏனோதானோவென்று ஆடும் என்றே நினைத்தேன். நான் நினைத்தது தவறு. ஜமால் வில்லியம்ஸ் என்ற ஓட்டக்காரர், முன்பு நான்கு ஆண்டுகள் பாக்கர்ஸுக்கு ஆடியவர், பந்தோடு ஓடி இரண்டு டச்டவுன்களைப் போட்டு, அந்தப் பருவத்தில் அப்படி ஓடிப் போட்ட தம் கணக்கைப் பதினேழாக்கினார். 1991-இல் பேரி சாண்டர்ஸ் அப்படிப் பதினாறு போட்டு ஏற்படுத்திய அணிச் சாதனை அத்துடன் முறிந்தது. ராட்ஜர்ஸ் அன்றிரவு கடைசியாக எறிந்த பந்தை லயன்ஸின் முதலாண்டு ஆட்டக்காரர் கெர்பி ஜோசஃப் பிடித்துக்கொண்டார். பாக்கர்ஸ் சட்டையில் ராட்ஜர்ஸ் எறிந்த கடைசிப் பந்தும் அதுவே. 20-16. ஆட்டம் முடிந்ததும் வில்லியம்ஸ், மறைந்த தம் கொள்ளுத் தாத்தாவை நினைத்துத் தொலைக்காட்சியில் கண்கலங்கினார். பெரியவர் எழுந்து போய், புது ஆண்டின் நாட்காட்டியில் முதல் தேதியில் இருந்த வட்டத்துக்குப் பக்கத்தில், எட்டாம் தேதியையும் வட்டமிட்டார். ஒன்பது வெற்றி, எட்டுத் தோல்வி. 2017-க்குப் பின் தோல்விகளைவிட வெற்றிகள் மிகுந்த முதல் பருவம்.

அந்தப் பருவத்தின் புதுமுகங்களைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதால் சுருக்கிக்கொள்கிறேன். மிச்சிகனிலேயே வளர்ந்த ஏடன் ஹட்சின்சன், முதலாண்டிலேயே எதிரணிக் குவார்ட்டர்பேக்குகளை ஒன்பதரை முறை (இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை) வீழ்த்தியதோடு மூன்று பந்துகளையும் பறித்தார். இளம் ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்துகொள்ளும்போது ஆறாவது சுற்றில்தான் தேர்வான ஜேம்ஸ் ஹூஸ்டன் ஏழே ஆட்டங்களில் எட்டு முறை வீழ்த்தினார். தற்காப்பு தேறியதில் இவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இவர்களில் ஹூஸ்டன் செப்டம்பரில் ஆடவே இல்லை.

அடுத்த பருவத்தைப் பற்றி ஒரே ஒரு செய்தி. 2024 ஜனவரி 14, ஞாயிறு இரவு, டெட்ராய்ட்டில் பிளேஆஃப். தமிழகத்தில் அப்போது பொங்கல் நாளின் காலைப்பொழுது. எதிரணியாக வந்தது ராம்ஸ், அதன் குவார்ட்டர்பேக் மாத்யூ ஸ்டாஃபோர்ட். லயன்ஸ் 24-23 என்று வென்றது. எங்கள் வீட்டுச் சர்க்கரைப் பொங்கலை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு பனியில் தெருவைக் கடந்து போனேன். கார் நிறுத்தும் அறையில் விளக்கு எரிந்தது, பெரியவர் நாட்காட்டியின் முன்னால் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, இன்னும் வட்டமிடாமல் நின்றுகொண்டிருந்தார்.

நன்றி. வணக்கம்.