ஆளுக்கொரு செட்டிங்ஸ் வேண்டாம்: கன்சோலை விரும்புகிறவர்களின் நியாயம்

வணக்கம் மக்களே. கேமிங் பிசி அசெம்பிள் செய்த வீடியோவைப் போட்டதிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "அண்ணா, பிசியில் இவ்வளவு பவர் கிடைக்கும்போது ஆட்கள் ஏன் இன்னும் கன்சோல் வாங்குகிறார்கள்? விவரம் தெரியாமல்தானே?" கன்சோல் என்றால் சோனியின் பிளேஸ்டேஷன், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் மாதிரி டிவியோடு இணைத்து விளையாடும் பெட்டி. இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் போட மனசு வரவில்லை. ஏனென்றால் எனக்குத் தெரிந்த கன்சோல்காரர்களில் பாதிப்பேர் கம்ப்யூட்டர் துறையில் வேலை செய்கிறவர்கள். ராம் (மெமரி) எது, விராம் (கிராஃபிக்ஸ் கார்டின் மெமரி) எது என்று எனக்கே பாடம் எடுப்பார்கள். அவர்கள் தெரிந்தேதான் கன்சோலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் காரணத்தைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

முதலில் வந்த பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) பெட்டிக்குள் இருப்பது எட்டு கோர் ஏஎம்டி ஜென் 2 பிராசசர், ஆர்டிஎன்ஏ 2 வகை கிராஃபிக்ஸ், 16 ஜிபி மெமரி, 825 ஜிபி எஸ்எஸ்டி. 2020-இல் வந்த சமாசாரம். இன்றைக்கு ஒரு நல்ல பிசி இதை ஓரங்கட்டிவிடும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மதுரையில் ஒருவர் வாங்கும் பிஎஸ்5-க்குள்ளும், ஒசாகாவில் ஒருவர் வாங்கும் பிஎஸ்5-க்குள்ளும் ஒரே சரக்குதான் இருக்கிறது. கேம் செய்கிறவர்கள் தங்கள் ஸ்டூடியோவில் வைத்துச் சோதிப்பதும் அதே சிப்பில்தான். அவர்கள் திரையில் எப்படி ஓடியதோ, கிட்டத்தட்ட அப்படியேதான் நம் டிவியிலும் ஓடும். பிசியில் இந்த உத்தரவாதத்தை யாராலும் தர முடியாது. பிராசசர் ஒன்று, கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று, அந்தக் கார்டை இயக்கும் டிரைவர் என்ற சாஃப்ட்வேரின் வெர்ஷன் ஒன்று, பின்னணியில் ஓடும் சாஃப்ட்வேர் இருபது என்று ஒவ்வொருவர் பிசியும் ஒரு தனி ஜாதகம்.

இதனால் என்ன ஆகிறது என்று கேட்டால், நான் முதலில் சொல்வது ஸ்டட்டர். கேம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். புதிதாக ஒரு கதவைத் திறப்பீர்கள், அல்லது முதல் தடவையாக ஒரு வெடிப்பு நடக்கும். அந்தக் கணத்தில் படம் சட்டென்று நின்று, பிறகு நகரும். எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது படம்) மீட்டரில் சராசரி 90, 100 என்று அழகாகத்தான் காட்டும். ஆனால் கண்ணுக்குத் தெரியும். 60 எஃப்பிஎஸ் என்றால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 16.7 மில்லி விநாடிதான் நேரம். அதில் ஒரே ஒரு ஃபிரேம் 100 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால்கூட கை அதை உணர்ந்துவிடும். நான்காயிரம் ரூபாய் மானிட்டரில் பார்த்தாலும் உணரலாம், நாற்பதாயிரம் ரூபாய் மானிட்டரில் பார்த்தாலும் உணரலாம்.

இது ஏன் நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் விஷயமே இங்கேதான் இருக்கிறது. ஷேடர் என்பது ஒரு சின்ன புரோகிராம். இந்தச் சுவரில் வெளிச்சம் எப்படி விழ வேண்டும், தண்ணீர் எப்படி மினுங்க வேண்டும் என்று கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சொல்வது அதுதான். ஒரு பெரிய கேமில் ஆயிரக்கணக்கில் இருக்கும். என்விடியா கார்டுக்குப் புரியும் கட்டளை வேறு, ஏஎம்டி கார்டுக்குப் புரிவது வேறு, இன்டெல் கார்டுக்கு வேறு. ஒரே கம்பெனியிலேயே தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அதனால் பிசி கேமில் ஷேடரை முழுசாகத் தயார் செய்து அனுப்ப முடியாது. அரைகுறையாகச் சமைத்து அனுப்புவார்கள், மீதிச் சமையலை உங்கள் பிசியில் இருக்கும் டிரைவர் செய்ய வேண்டும். அந்த வேலை கேம் தொடங்குவதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டால் நல்லது. கேமுக்கு நடுவில், அந்த வெடிப்பு திரைக்கு வரும் நொடியில் நடந்தால் அதுதான் ஸ்டட்டர். சரி, ஒரு தடவை முடிந்துவிட்டதே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. கிராஃபிக்ஸ் டிரைவரை அப்டேட் செய்தால் பெரும்பாலும் மறுபடியும் முதலிலிருந்து.

கன்சோலில் சிப் ஒன்றுதான் என்பதால் ஷேடர் எல்லாவற்றையும் ஸ்டூடியோவிலேயே கம்பைல் செய்து, அதாவது அந்தச் சிப்புக்குப் புரியும் கட்டளையாக மாற்றி, கேமோடு சேர்த்து அனுப்பிவிடுவார்கள். பிஎஸ்5 ப்ரோ, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் என்று ரகங்கள் இருக்கின்றன என்றாலும், அவற்றைக் கைவிரலில் எண்ணிவிடலாம். டிஜிட்டல் ஃபவுண்டரி என்ற சேனலைப் பார்க்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பிசி ஸ்டட்டரைப் பற்றி அவர்கள் வருடக்கணக்காக விடாமல் பேசி வருகிறார்கள். காரணம் விலை குறைந்த பிசியில் மட்டும் வரும் பிரச்சினை இல்லை இது. லட்சக்கணக்கில் செலவழித்து வாங்கிய கார்டிலும் வரும். காசு போட்டு முழுசாக ஒழிக்க முடியாத ஒரே குறை இது என்றுகூடச் சொல்வேன்.

2023 மார்ச்சில் 'த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1' பிசிக்கு வந்தது ஞாபகம் இருக்கிறதா? முதல் தடவை திறந்ததும் ஷேடர் தயார் செய்யும் வேலை ஓட ஆரம்பிக்கும். பல பேருடைய பிசியில் அது அரைமணி நேரத்துக்கும் மேல் இழுத்தது. அது போக கிராஷ் வேறு. பிசி கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் ரீஃபண்ட் கேட்க இரண்டு மணி நேர விளையாட்டு நேரம்தான் வரம்பு, இந்தக் காத்திருப்பும் அந்தக் கணக்கில் ஓடியது. பிறகு பேட்ச் (திருத்த அப்டேட்) மேல் பேட்ச் போட்டுச் சரிசெய்தார்கள். அதே கேம் முந்தைய வருடம் பிஎஸ்5-க்கு வந்தபோது இப்படி ஒரு பேச்சே இல்லை. இன்னும் முன்னால் போனால் 2015 ஜூனில் 'பேட்மேன்: ஆர்க்கம் நைட்'. பிஎஸ்4-இலும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் நன்றாக ஓடிய கேம். பிசியில் மட்டும் நிலைமை அவ்வளவு மோசமாக இருந்ததால், வெளியான ஓரிரு நாளிலேயே அதை வெளியிட்ட வார்னர் கம்பெனி பிசி விற்பனையை நிறுத்தியது. அக்டோபர் கடைசியில்தான் மறுபடி விற்பனைக்கு வந்தது.

கன்சோலில் இப்படி நடக்காது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' வந்தபோது பிஎஸ்4-இல் அது விளையாடவே முடியாத நிலையில் இருந்தது. சோனி அதைத் தன் ஸ்டோரிலிருந்தே எடுத்துவிட்டு, அடுத்த ஜூனில்தான் திரும்ப விட்டது. ஆனால் அங்கேயும் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். தப்பு எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்தது. "உங்கள் பக்கம்தான் ஏதோ கோளாறு, டிரைவரை மாற்றிப் பாருங்கள்" என்று வாங்கியவன் தலையில் யாரும் கட்ட முடியவில்லை.

அடுத்தது செட்டிங்ஸ். பிசி கேமைத் திறந்ததும் ஷேடோ குவாலிட்டி, டெக்ஸ்சர், ரே டிரேசிங், வி-சிங்க், டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் என்று ஒரு நீளமான மெனு வரும். எனக்கு அதில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கப் பிடிக்கும், இந்தச் சேனல் நடப்பதே அதனால்தான். ஆனால் எல்லோருக்கும் அது பிடிக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? பகல் முழுக்க அலுவலகத்தில் லாக் ஃபைலும் எரர் மெசேஜும் பார்த்துவிட்டு, குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, பத்து மணிக்கு மேல் ஒரு மணி நேரம் கிடைக்கும் ஆளை நினைத்துப் பாருங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் இருபது நிமிடத்தை விண்டோஸ் அப்டேட்டுக்கும் டிரைவருக்கும் கொடுத்தால் அவருக்கு மிஞ்சுவது என்ன? கன்சோலில் இரண்டே கேள்விதான் கேட்பார்கள்: படம் கூர்மையாக வேண்டுமா, ஓட்டம் வழுக்கிக்கொண்டு போக வேண்டுமா. ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு விளையாடப் போய்விடலாம்.

அப்புறம், விட்ட இடத்திலிருந்து தொடர்வது. பிஎஸ்5-ஐ ரெஸ்ட் மோடில் போட்டுவிட்டு மறுநாள் பட்டனை அழுத்தினால் சண்டையின் நடுவில் நிறுத்திய அதே நொடியில் நிற்பீர்கள். ரெஸ்ட் மோடில் இருக்கும்போது கரண்ட் போனால் மட்டும் சேவ் செய்யாதது எல்லாம் போய்விடும். நம் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. இங்கே எக்ஸ்பாக்ஸின் குவிக் ரெஸ்யூம் ஒரு படி மேலே நிற்கிறது. அது கேமின் நிலையை எஸ்எஸ்டியிலேயே எழுதி வைத்துக்கொள்வதால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி போட்டாலும் கேம் அதே இடத்தில் நிற்கும். ஆன்லைன் கேம்களுக்கு இது உதவாது, சர்வர் நம்மைத் துண்டித்துவிடும். ஆனால் தனியாக விளையாடும் பெரிய கதை கேம்களுக்கு இதைவிட நல்ல வசதியை நான் பார்த்ததில்லை. விண்டோஸ் பிசியில் ஸ்லீப் போட்டுவிட்டு எழுப்பினால் கேம் அப்படியே எழும் என்று நம்பி யாராவது தூங்கப் போவார்களா?

விலைக்கு வருகிறேன். கன்சோல்தான் மலிவு என்று பலர் சொல்வார்கள். பெட்டியை மட்டும் பார்த்தால் உண்மைதான். பிஎஸ்5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தபோது டிஸ்க் மாடல் ₹49,990. அந்தப் பணத்தில் அதே தரத்தில் ஒரு புது பிசி கட்டவே முடியாது. ஆனால் அது தானமாக வந்த விலை இல்லை. கன்சோலை நஷ்டத்துக்கோ அடக்க விலைக்கோ விற்றுவிட்டு, ஸ்டோரில் விற்கும் ஒவ்வொரு கேமிலும் 30 சதவீதம் அளவுக்கு எடுத்துக்கொள்வதுதான் வியாபாரம். எக்ஸ்பாக்ஸ் ஒவ்வொன்றிலும் 100 முதல் 200 டாலர் வரை தாங்கள் கையிலிருந்து போடுவதாக, அப்போது எக்ஸ்பாக்ஸ் தலைவராக இருந்த ஃபில் ஸ்பென்சரே 2022-இல் சொன்னார். அந்தப் பணம் நம்மிடமிருந்துதான் திரும்பப் போகிறது. புது பிஎஸ்5 கேம் ஐந்தாயிரம் ரூபாய் அளவில் இருக்கிறது. பணம் கொடுத்து வாங்கிய கேமை ஆன்லைனில் மற்றவர்களோடு விளையாட சந்தா வேறு கட்ட வேண்டும். பிசியில் அந்தச் சந்தா கிடையாது. இது எனக்கு உண்மையாகவே கோபம் வரும் விஷயம். நம் இன்டர்நெட்டுக்கு நாம் பணம் கட்டுகிறோம், பிறகு எதற்கு இன்னொரு வாசல் கட்டணம்?

இதைச் சமாளிக்கக் கன்சோல்காரர்களிடம் இருக்கும் ஒரே ஆயுதம் டிஸ்க். கேமை முடித்துவிட்டு இன்னொருவருக்கு விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், தம்பியிடம் கொடுக்கலாம். ஸ்டீமில் வாங்கிய கேமை ஒருநாளும் விற்க முடியாது. வெளியான வாரம் ஒரு கேமை வாங்கி, முடித்துவிட்டு அடுத்த மாதமே நல்ல விலைக்குக் கைமாற்றிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் கணக்குப் போட்டால் ஸ்டீமின் தள்ளுபடி விற்பனையையே தோற்கடிப்பார்கள். அதனால்தான் டிஸ்க் டிரைவ் இல்லாத மாடலை யாராவது கேட்டால், கொஞ்சம் காசு மிச்சமாகிறதே என்று அதை வாங்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஆன்லைன் ஷூட்டர் விளையாடுகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: ஏமாற்று வேலை. பிசி ஒரு திறந்த மெஷின், எந்த புரோகிராமையும் அதில் ஓட்டலாம். அதுதான் அதன் பெருமை, அதே வழியாகத்தான் தானாகக் குறிபார்க்கும் எய்ம்பாட்டும், சுவருக்குப் பின்னால் இருப்பவரைக் காட்டும் வால்ஹேக்கும் உள்ளே வருகின்றன. அதைத் தடுக்க 'வேலரன்ட்' கேமின் வேங்கார்ட் என்ற காவல் சாஃப்ட்வேர் விண்டோஸ் தொடங்கும்போதே கர்னல் மட்டத்தில், அதாவது விண்டோஸின் மையப்பகுதியிலேயே, ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஒரு கேமுக்காக என் மெஷினின் ஆழம் வரைக்கும் இன்னொருவரை விட வேண்டுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், அது நியாயமான கேள்வி. கன்சோலில் கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத புரோகிராம் சாதாரணமாக ஓடவே ஓடாது. அங்கேயும் கன்ட்ரோலருக்கும் பெட்டிக்கும் நடுவில் சொருகும் கருவிகளை வைத்துத் திருட்டுத்தனம் செய்தார்கள். 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் அனுமதி இல்லாத துணைக்கருவிகளை எக்ஸ்பாக்ஸில் தடுக்க ஆரம்பித்தது. முழுசாக ஒழிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன், ஆனால் பிசியோடு ஒப்பிட்டால் களம் சுத்தம்.

நம் ஊரில் ஒரு தலைமுறைக்கே கன்சோல் என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆள்தான். தெருமுனையில் மணிக்கணக்குக்குக் காசு வாங்கும் கேம் சென்டரில் பிஎஸ்2, இரண்டு கன்ட்ரோலர், பின்னால் நின்று வழி சொல்லும் நாலு பேர். அதே காலத்து பிரவுசிங் சென்டரில் ஆளுக்கொரு கேபின், அங்கே 'கவுன்டர் ஸ்ட்ரைக்'. இன்றைக்கும் பொங்கல் லீவில் சித்தப்பா பையன்கள் வந்தால் ஹாலில் டிவி முன்னால்தான் கூடுகிறார்கள். பிசியையும் டிவியோடு இணைக்கலாம், நான் செய்திருக்கிறேன். ஆனால் மவுஸையும் கீபோர்டையும் யாராவது மடியில் வைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

பிசியின் பக்கம் என்னென்ன உண்டு என்று இந்தச் சேனலில் நிறைய பேசியிருக்கிறேன். மாட் (விளையாடுகிறவர்களே கேமில் செய்யும் மாற்றங்கள்), மலிவான பழைய கேம்கள், ஸ்ட்ராடஜி கேம்கள், அதே மெஷினில் வேலையும் படிப்பும். எல்லாம் உண்மை, எதையும் வாபஸ் வாங்கவில்லை.

ஆனால் இப்போது பிசி போகும் திசையைப் பாருங்கள். ஸ்டீமை நடத்தும் வால்வ் கம்பெனி 2022-இல் கொண்டுவந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க பிசியில் சிப் எல்லோருக்கும் ஒன்று. அதனால் ஷேடரை முன்கூட்டியே தயார் செய்து டவுன்லோடோடு அனுப்ப முடிகிறது. 'எல்டன் ரிங்' வெளியான சமயத்தில் பெரிய பிசிகளில் திணறிய இடங்களில் ஸ்டீம் டெக் அமைதியாக ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம். 2025-இல் மைக்ரோசாஃப்ட் அட்வான்ஸ்டு ஷேடர் டெலிவரி என்ற பெயரில் அதே வேலையை விண்டோஸுக்குக் கொண்டுவருவதாகச் சொல்லி, ஏசஸோடு சேர்ந்து செய்த 'எக்ஸ்பாக்ஸ் அலை' (Xbox Ally) என்ற கைக்கருவியில் தொடங்கியது. அதே வருடம் நவம்பரில் வால்வ், டிவிக்குக் கீழே வைக்கும் ஸ்டீம் மெஷினை அறிவித்தது. கன்சோல்காரர்கள் இத்தனை வருடம் எதைக் கேட்டார்களோ, அதைத்தான் பிசி கம்பெனிகள் இப்போது செய்யப் பார்க்கின்றன.

எனவே வீட்டில் யாராவது "எனக்கு பிஎஸ்5 போதும்" என்றால் அவரிடம் எஃப்பிஎஸ் கணக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். டிஸ்க் மாடலா என்று மட்டும் பார்த்து வாங்கிக் கொடுங்கள். அடுத்த வீடியோவில், ஷேடர் ஸ்டட்டரைப் பிசியில் எந்த அளவுக்குக் குறைக்கலாம், தயாரான ஷேடர்களை டிரைவர் சேமித்து வைக்கும் ஷேடர் கேஷின் அளவை எங்கே போய் மாற்றுவது என்பதைத் திரையில் காட்டிச் செய்துபார்க்கலாம். வருகிறேன்.