இன்டர்வியூ உடை: நின்று பார்க்காதீர்கள், உட்கார்ந்து பாருங்கள்

[காட்சி: ஆளுயரக் கண்ணாடி. அதன் முன் ஒரு நாற்காலி. ஹேங்கரில் ஒரு சட்டையும் பேன்ட்டும்.]

குரல்: உடை வாங்கும்போது ட்ரையல் ரூமில் நின்றுகொண்டுதான் பார்க்கிறோம். வீட்டுக் கண்ணாடி முன்னாலும் அப்படித்தான். ஆனால் இன்டர்வியூ நடப்பது உட்கார்ந்து. நிற்கும்போது அளவெடுத்துத் தைத்தது போல இருந்த சட்டை, உட்கார்ந்ததும் வயிற்றருகே இழுபட்டு இரண்டு பட்டன்களுக்கு நடுவே வாய் பிளக்கும். பேன்ட் மேலேறி, சாக்ஸுக்கு மேலே கால் எட்டிப் பார்க்கும். எதிரே இருப்பவர் முழு நேரமும் பார்க்கப்போவது இதைத்தான்.

அதனால் முதலில் நாற்காலி சோதனை. உடை, பெல்ட், ஷூ எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் 10 நிமிடம் உட்காருங்கள். மேசையில் இருக்கும் ஃபைலை எடுப்பது போலக் கைகளை முன்னே நீட்டுங்கள். கொஞ்சம் குனியுங்கள். கழுத்து அகலமான மேலாடை என்றால் எதுவரை தெரிகிறது, முதுகில் சட்டை பேன்ட்டை விட்டு வெளியே வருகிறதா, பாவாடை முழங்காலுக்கு மேல் எவ்வளவு ஏறுகிறது, புடவை என்றால் தோள் மடிப்பு நழுவுகிறதா என்று கவனியுங்கள். ஒன்றரை மீட்டர் தள்ளி, உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்தில் போனை வைத்து வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. கண்ணாடியில் தப்பியது வீடியோவில் சிக்கும்.

[காட்சி: தோள், காலர், மணிக்கட்டு ஆகியவற்றுக்கு நெருக்கமான ஷாட்கள்.]

குரல்: அளவைப் பார்ப்போம். சட்டையின் தோள் தையல், தோள்பட்டை எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். அது கையில் இறங்கினால் இரவல் சட்டை போலத் தெரியும். காலர் பட்டனைப் போட்ட பிறகு கழுத்துக்கும் காலருக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். முழுக்கைச் சட்டையின் கஃப், அதாவது கை நுனியில் பட்டன் போடும் பட்டி, மணிக்கட்டு எலும்பை மூட வேண்டும். மேலே பிளேசர் போட்டால், அதன் கைக்குக் கீழே சட்டை சுமார் 1 சென்டிமீட்டர் தெரிவது சரி.

இதில் எதைத் திருத்தலாம் என்பது முக்கியம். கை நீளம், பேன்ட் நீளம், இடுப்பு இவற்றைத் தையல்காரர் எளிதாகச் சரிசெய்துவிடுவார். பிளேசரின் தோளைத் திருத்துவதென்றால் கையைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். பெரும்பாலும் பழைய வடிவம் திரும்பாது. ஆகவே தோளுக்குப் பொருந்துவதை வாங்கி, மற்றதை ஆல்டர் செய்யுங்கள். குறைந்தது ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். முதல் முறை சரியாக வரும் என்று நம்பி முந்தின நாள் கொடுப்பவர்கள்தான் ஊக்குக் குத்திக்கொண்டு போகிறார்கள்.

புது பிளேசர் என்றால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பின்பக்கத் திறப்பைப் பெருக்கல் குறி போல நூலால் கட்டியிருப்பார்கள். கடைக்குப் போகும் வரை மடங்காமல் இருக்கப் போட்ட தையல் அது; வெட்டி எடுத்துவிட வேண்டும். கையின் வெளிப்புறத்தில் பிராண்ட் துண்டு இருந்தால் அதையும் பிரியுங்கள். பிளேசரின் கடைசிப் பட்டனைப் போட வேண்டாம். ஏழாம் எட்வர்ட் மன்னரின் தொந்திதான் இதற்குக் காரணம் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, பிளேசர்களை இன்றும் அந்தப் பட்டன் திறந்திருக்கும்படிதான் வெட்டுகிறார்கள். போட்டால் இடுப்பில் இழுக்கும்.

[காட்சி: வெள்ளை, வெளிர் நீலம், சாம்பல், கருநீலச் சட்டைகள் வரிசையாக. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு நீர்.]

குரல்: நிறம். எல்லோரும் வெளிர் நீலத்தைச் சிபாரிசு செய்வார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இந்தச் சொட்டுகளைப் பாருங்கள். வெளிர் நீலமும் சாம்பலும் நனைந்தால் சட்டென்று கருத்துவிடுகின்றன. வெள்ளையிலும் கருநீலத்திலும் ஈரம் அவ்வளவு தெரிவதில்லை. பதற்றத்தில் அக்குள் வியர்க்கும் உடல்வாகு என்றால் இந்த இரண்டில் ஒன்றை எடுங்கள். வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளை பனியன் போட்டால் அதன் விளிம்பு வெளியே தெரியும். தோல் நிறத்துக்கு நெருக்கமானது தெரியாது. வியர்வையைக் குறைக்கும் ரோல்-ஆன் பூசுபவர்கள் காலையில் அவசரமாகப் பூசுவதைவிட முந்தின இரவே உலர்ந்த தோலில் பூசுவது பலன் தரும். தூக்கத்தில் வியர்வை குறைவு என்பதால் மருந்து துளைகளில் தங்கும்.

துணியைப் பொறுத்தவரை, சுத்த லினன் பயணம் முடிவதற்குள் கசங்கிவிடும். முழு பாலியஸ்டர் கசங்காது. ஆனால் வெப்பத்தைப் பிடித்துவைத்து, வியர்வை நாற்றத்தையும் சேர்க்கும். நீண்ட தூரம் பயணம் செய்ய வேண்டியவர்களுக்குப் பருத்தியும் பாலியஸ்டரும் கலந்தது நடைமுறைக்கு உகந்தது.

இஸ்திரி போடும்போது பருத்தியில் லேசான ஈரம் இருக்கட்டும். காலரின் உட்புறம் முதலில், நுனியிலிருந்து நடுவை நோக்கி. பிறகு கஃப், கை, கடைசியில் உடல் பகுதி. அடர்நிற பேன்ட்டின் மேல் நேரடியாகச் சூட்டை வைத்தால் பளபளப்பு ஏறும், அப்புறம் போகாது. மெல்லிய பருத்தித் துணியை மேலே விரித்துத் தேய்க்க வேண்டும். தேய்த்த சூட்டோடு போட்டுக்கொள்ளாதீர்கள். சூடான துணி எப்படி மடங்குகிறதோ அப்படியே நின்றுவிடும். 10 நிமிடம் ஹேங்கரில் ஆறட்டும்.

[காட்சி: பழைய ஷூவின் அடிப்பாகத்தை இரு கையால் வளைக்கிறார்கள். துண்டுகள் உதிர்கின்றன.]

குரல்: இன்டர்வியூ நாளில் நம்மைக் கைவிடும் பொருள் ஷூதான். வருடக்கணக்கில் அலமாரியில் பத்திரமாக இருந்த ஷூவைக் கடைசி நேரத்தில் எடுக்காதீர்கள். பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன அடிப்பாகம் காற்றின் ஈரத்தாலேயே மெல்ல மெல்லச் சிதையும். பார்க்க புதிதாகவே இருக்கும். பத்தடி நடந்ததும் பொலபொலவென்று உதிரும். இப்போதே எடுத்து வளைத்துப் பாருங்கள். புது ஷூ என்றால், அன்று போடப்போகும் அதே சாக்ஸோடு நாலைந்து நாள், தினம் அரை மணி நேரம் வீட்டுக்குள் நடங்கள். இல்லையென்றால் குதிகால் கொப்புளத்தோடு உள்ளே போக வேண்டிவரும். பாலிஷை முந்தின இரவே போட்டு, காய்ந்ததும் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். ஈரப் பாலிஷ் பேன்ட் ஓரத்தில் ஒட்டும். சாக்ஸ் கெண்டைக்கால் பாதிவரை வந்தால் போதும். பெல்ட்டும் ஷூவும் ஒரே நிறம்.

எவ்வளவு முறையான உடை தேவை? அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் ஊழியர்களின் குழுப் படம் இருக்கும். அதில் தெரிவதைவிட ஒரு படி மேலே உடுத்துங்கள். அவர்கள் டி-ஷர்ட் என்றால் நீங்கள் காலர் சட்டை. அவர்கள் காலர் சட்டை என்றால் நீங்கள் பிளேசர். புரியவில்லையா, இன்டர்வியூ தேதி சொன்னவரிடமே கேட்டுவிடுங்கள். அது யாரும் தப்பாக நினைக்கிற கேள்வியல்ல. தொழிற்சாலை வேலை என்றால் உள்ளே சுற்றிக் காட்ட அழைத்துப் போகலாம். விரல்கள் தெரியும் செருப்பும், தொங்கும் துப்பட்டாவும் வேண்டாம். சென்ட்? மூடிய சிறிய அறை. விட்டுவிடுங்கள்.

[காட்சி: லேப்டாப் திரையில் பொடிக்கோட்டுச் சட்டை, அலை அலையாக மினுமினுக்கிறது.]

குரல்: வீடியோ இன்டர்வியூவில் நெருக்கமான பொடிக் கோடும் கட்டமும் இப்படித்தான் நெளியும். துணியின் கோடுகளும் கேமரா சென்ஸாரின் புள்ளி வரிசையும் மோதுவதால் வரும் கோளாறு இது. வெறும் வெள்ளைச் சட்டை திரையை அதிகம் அடைத்தால், கேமரா ஒளியைக் குறைத்து முகத்தை இருட்டாக்கும். நடுத்தர அடர்த்தியில் ஒரே நிறம் எடுத்தால் இரண்டு தொல்லையும் இல்லை. கீழேயும் முழு உடை போடுங்கள், சார்ஜர் ஒயர் கழன்றால் எழுந்து போகிற ஆள் நீங்கள்தான்.

நேரில் போகிறவர்களின் பையில் இரண்டு ஊக்கு, ஒரு ஈரத் துடைப்பான், துணியில் ஒட்டிய முடியை எடுக்கக் கொஞ்சம் அகலமான டேப். பெயர் சொல்லி அழைத்ததும் எழுந்து பிளேசரின் மேல் பட்டனைப் போடுங்கள். உள்ளே போய் உட்காரும்போது கழற்றிவிடுங்கள்.

[காட்சி: கண்ணாடி முன் அதே நாற்காலி. ஒருவர் பட்டனைக் கழற்றியபடி உட்காருகிறார்.]