பத்து கிலோமீட்டர் கூடினால் என்ன?

நேயர்களுக்கு வணக்கம்.

இரண்டு கார்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. ஒன்றின் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர், மற்றதன் வேகம் 60. முன்னால் 35 மீட்டர் தூரத்தில் ஒருவர் திடீரென்று சாலையில் இறங்குகிறார். இரண்டு ஓட்டுநர்களும் ஒரே கணத்தில் பார்க்கிறார்கள். காய்ந்த சாலை, நல்ல டயர், நல்ல பிரேக். 50-இல் வந்த கார் அவரை இடிக்காமல் மயிரிழையில் நின்றுவிடுகிறது. அப்படியென்றால் 60-இல் வந்தது எந்த வேகத்தில் மோதும்? 10 என்றுதான் மனம் சொல்லும். கணக்குப் போட்டால் சுமார் 42 வருகிறது!

எப்படி? கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கால் பிரேக்குக்கு மாறி அழுத்த ஏறக்குறைய ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதுவரை வேகம் துளியும் குறையாது. முதல் கார் 21 மீட்டர் ஓடிவிடும், இரண்டாவது 25 மீட்டர். 60-இல் போகும்போது 2 நொடி போனைப் பார்த்தால் 33 மீட்டர் போய்விடும். அதற்குப் பிறகுதான் இந்த ஒன்றரை நொடியே தொடங்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

அப்புறம் பிரேக். இங்கேதான் நம் உள்ளுணர்வு ஏமாறுகிறது. வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு, அதாவது வேகத்தை வேகத்தாலேயே பெருக்கினால் வருவதற்கு, ஏற்பக் கூடும். 50-க்கு 2500 என்றால் 60-க்கு 3600. பிரேக்கோ ஒவ்வொரு மீட்டரிலும் ஒரே அளவு ஆற்றலைத்தான் எடுக்கும். அதனால் வேகம் சீராக இறங்குவதில்லை. கடைசிச் சில மீட்டர்களில்தான் மளமளவென்று சரிகிறது. 60-இல் வந்த கார் நிற்க, பிரேக் பிடித்த பிறகு 20 மீட்டர் வேண்டும். அதற்குக் கிடைத்ததோ பத்து. பாதித் தூரம் முடிந்தும் வேகம் பாதியாகவில்லை, இன்னும் 42-இல் இருக்கிறது.

மழையில் டயரின் பிடிப்பு பாதியாகக் குறைந்தால், பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் இரட்டிப்பாகும். அதே 35 மீட்டருக்குள் நிற்க வேண்டுமானால் 40-இல்தான் வர வேண்டும். ஏபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்து, ஸ்டியரிங்கைத் திருப்ப வழிவிடுவது அதன் வேலை. ஈரச் சாலையில் இல்லாத பிடிப்பை அதனால் உண்டாக்க முடியாது.

முன்னால் போகும் வண்டியோடு விடவேண்டிய இடைவெளியை மீட்டரில் கணிப்பது கடினம், நொடியில் எண்ணுவது எளிது. முன்வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் எண்ணத் தொடங்குங்கள். 2 நொடிக்கு முன்பே நீங்கள் அந்தக் கம்பத்தை எட்டினால் இடைவெளி போதாது. மழை என்றால் 4 நொடி.