வாலில் தொடங்கும் விமானம்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் விமானம் கட்டுகிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்பது மூன்றே கேள்விதான். முதலாவது, "ரிமோட்டில் பறக்கவிடுவதா?" இல்லை. இரண்டு பேர் உட்கார்ந்து, பெல்ட் போட்டுக்கொண்டு, ஓடுபாதையில் ஓடி மேலே ஏறுகிற விமானம். இரண்டாவது, "அரசாங்கம் எப்படி விடுகிறது?" மூன்றாவது, ஊரிலிருந்து சித்தப்பா போனில் கேட்டது: "உன் சம்சாரம் எப்படிடா இதுக்கு ஒத்துக்கிச்சு?" அதற்கு நடுவில் வருகிறேன். அவள் இல்லாமல் இந்த வேலையில் பாதி நடக்காது.

அரசாங்க விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். நான் இருப்பது அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்தில். கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்குக்காகவோ ஒருவர் தன் கையால் விமானம் செய்துகொள்ள அந்த நாட்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. முக்கியமான நிபந்தனை, வேலையில் பாதிக்கு மேல் அமெச்சூர்கள் கையால் நடந்திருக்க வேண்டும். 51 சதவீத விதி என்பார்கள். மீதியை கிட் கம்பெனி, அதாவது விமானத்தின் பாகங்களைத் தொகுப்பாக விற்கிற கம்பெனி, செய்து அனுப்பலாம். கட்டி முடித்ததும் விமானத் துறை அதிகாரியோ அந்தத் துறை நியமித்தவரோ வந்து பார்ப்பார். கட்டியது நாம்தான் என்பதற்குச் சாட்சி நம் நாட்குறிப்பும் போட்டோக்களும். அதனால் முதல் நாளே கேமராவை எடுத்துவிட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் சான்றிதழ் கிடைக்கும். கூடவே, "இது அமெச்சூர் கட்டியது, வழக்கமான விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளின்படி அமைந்ததல்ல" என்று ஓர் எச்சரிக்கையை, ஏறுகிறவர் கண்ணில் படும்படி விமானத்துக்குள் ஒட்டியே தீர வேண்டும். இதை என் மாமியாரிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் விமானப் பேச்சையே எடுப்பதில்லை.

இந்தச் சுதந்திரத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. 1953 ஜனவரியில் மில்வாக்கியில் பால் பொபரெஸ்னி என்கிற விமானி, வீட்டில் விமானம் கட்டுகிறவர்களைக் கூட்டிச் சங்கம் ஆரம்பித்தார். எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் என்று பெயர். இன்று வருஷா வருஷம் ஜூலைக் கடைசியில் விஸ்கான்சின் மாநிலம் ஆஷ்காஷில் அவர்கள் நடத்துகிற திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கான விமானங்கள் வருகின்றன. எனக்குத் திருவிழாவைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. கட்டி அனுபவப்பட்ட ஒருவர் நம் வீட்டுக்கே வந்து, காசு வாங்காமல், நம் வேலையைப் பார்த்துக் குறை சொல்லிவிட்டுப் போவார். அதற்கென்றே சங்கத்தில் தொண்டர்கள் இருக்கிறார்கள். டார்ச் அடித்து ஒவ்வொரு மூலையாகப் பார்ப்பார்கள். அவர்களை எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது.

சரி, கிட். மரத்தில், இரும்புக் குழாயும் துணியுமாக, ஃபைபரில் என்று பல வகை உண்டு. நான் எடுத்தது அலுமினியத் தகடு. ஆரிகான் மாநிலத்தில் ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வென் 1973-ல் தொடங்கிய வான்ஸ் ஏர்கிராஃப்ட் கம்பெனியின் ஆர்.வி. வகை. அந்த வகையில் 11,000-க்கும் மேல் பறந்துவிட்டன. அப்படியானால் எனக்கு வருகிற சந்தேகம் ஏற்கனவே யாருக்காவது வந்திருக்கும். கேட்டால் பதில் கிடைக்கும். கிட்டைத் தேர்ந்தெடுக்க வேகம், அழகு என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். எனக்கு இந்த ஒரு காரணம் போதும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எங்கே ஆரம்பிப்பது? எஞ்சினிலும் இல்லை, காக்பிட்டிலும் இல்லை. வாலில்! கம்பெனிகளும் வாலைத் தனி கிட்டாகவே விற்கின்றன. முழு விமானத்தின் செலவோடு பார்த்தால் வால் சின்னத் தொகை. மேசைமேல் அடங்குகிற அளவு. ஆனால் தகடு, சட்டம், தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கிற ரிவெட் ஆணி, கீல் என்று பின்னால் இறக்கையிலும் உடலிலும் வரப்போகிற வேலையெல்லாம் வாலிலேயே வந்துவிடும். முக்கியமாக, இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்று வால் சொல்லிவிடும். பிடிக்கவில்லையென்றால் அதை விற்றுவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம், வெட்கமே இல்லை. பாதி கட்டிய வால்கள் எப்போதும் விற்பனைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

பறக்க ஆசைப்படுகிறவர் பழைய விமானம் ஒன்றை வாங்கிக்கொள்வது உத்தமம். அடுத்த வாரமே பறக்கலாம். கட்ட ஆசைப்படுகிறவர்தான் கட்ட வேண்டும். ஒரு ஆர்.வி.க்கு 1,500 முதல் 2,000 மணி நேர வேலை பிடிப்பது சாதாரணம். வேலைக்குப் போகிற மனிதனுக்கு அது வருஷக்கணக்கு. அத்தனை வருஷம் தகட்டோடும் அரத்தோடும் உட்கார்ந்திருப்பது சுகமாக இருந்தால்தான் விமானம் முடியும். அந்தச் சுகம் உண்டா இல்லையா என்று பார்க்கத்தான் வால். மறுபடியும் சொல்கிறேன், வாலில் ஆரம்பியுங்கள்.

இடம் வேண்டாமா என்பீர்கள். கார் நிறுத்துகிற ஷெட் போதும். விமான நிலையத்தில் கொட்டகை வாடகைக்கு எடுத்துக் கட்டலாம் என்று சிலர் போவார்கள். நான் வேண்டாம் என்பேன். அரை மணி தூரம் வண்டி ஓட்டிப் போக வேண்டுமென்றால் ஆபீஸ் முடிந்த களைப்பில் போக மாட்டோம். வீட்டோடு ஒட்டிய ஷெட் என்றால் சாப்பாட்டுக்கு முன் இருபது நிமிஷம் கிடைத்தாலும் நாலு ஓட்டைக்கு வேலை ஆகிவிடும். இறக்கையைத் தனியாகச் செய்து, கடைசியில் விமான நிலையத்தில்தான் மாட்டுவோம். உடல் பகுதி வாசல் வழியே வெளியே வருமா என்று மட்டும் முன்கூட்டியே அளந்துகொள்ள வேண்டும். மும்பையில் விமானி அமோல் யாதவ் கிட் எதுவும் இல்லாமல், தானே வடிவமைத்து, ஆறு பேர் உட்காரும் விமானத்தை அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் கட்டினார். மொட்டை மாடியிலிருந்து விமானத்தை இறக்குவதை யோசித்துப் பாருங்கள்! அது 2016-ல் மேக் இன் இந்தியா கண்காட்சிக்கு வந்தது. பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்தது 2017 நவம்பரில். அவர் பொறுமை எல்லோருக்கும் வராது. நமக்குக் கார் ஷெட்டே போதும்.

பெட்டி வந்துவிட்டது. தகடுகளின் மேல் நீல நிறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டியிருக்கும், கீறல் விழாமலிருக்க. அதை முழுக்க உரித்துவிடாமல், சால்டரிங் இரும்பின் முனையை மழுக்கி, ஓட்டை வரிசைக்கு இரண்டு பக்கமும் கோடு இழுத்தால் ரிப்பன் மாதிரி பட்டையாக உரிந்து வரும். ஓட்டைகளைக் கம்பெனியே மெஷினில் போட்டு அனுப்பிவிடுகிறது. "அப்புறம் உனக்கு என்ன வேலை?" என்பார்கள். பிசிறு எடுக்கிற வேலை. கோயம்புத்தூர் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு ஓட்டையின் ஓரத்திலும், இரண்டு பக்கமும், ஒவ்வொரு தகட்டின் விளிம்பிலும் பிசிறு எடுக்க வேண்டும். விரலை ஓட்டினால் எங்கேயும் பிடிக்கக் கூடாது.

ஏன் இத்தனை சிரத்தை? தகட்டில் விரிசல் தானாக நடுவில் வருவதில்லை. ஒரு கீறலிலோ, ஓட்டையின் சொரசொரப்பான ஓரத்திலோ பிடித்துக்கொண்டு, அதிர அதிர நீளும். 1954-ல் உலகத்தின் முதல் ஜெட் பயணி விமானமான காமெட் வகையில் இரண்டு விமானங்கள், சில மாத இடைவெளியில் நடுவானில் உடைந்து கடலில் விழுந்தன. இங்கிலாந்தில் ஃபார்ன்பரோவில் ஒரு முழு விமானத்தையே தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளே அழுத்தத்தை ஏற்றி ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். கூட்டில் இருந்த திறப்புகளின் மூலையருகே, ஓட்டை ஓரத்தில் தொடங்கிய விரிசல்தான் காரணம் என்று தெரிந்தது. என் விமானத்தில் காமெட் மாதிரி உள்ளே அழுத்தம் ஏற்றுகிற ஏற்பாடு கிடையாது, அந்த ஆபத்தும் இல்லை. ஆனாலும் இராத்திரி ஓட்டை ஓட்டையாகப் பிசிறு எடுக்கும்போது அலுப்புத் தட்டினால் நான் காமெட்டை நினைத்துக்கொள்வேன். இது சத்தமில்லாத வேலை, அக்கம்பக்கத்தார் தூங்கலாம். சத்தமான வேலையைப் பகலுக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

சத்தமான வேலை என்றால் ரிவெட். இதில் கொஞ்சம் நின்று பேச ஆசை, பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஓட்டையைச் சுற்றிச் சின்னக் குழி அழுத்த வேண்டும், ரிவெட்டின் தலை மேலே துருத்தாமல் தகட்டோடு சமமாக உட்கார. மேல் தகட்டுக் குழியும் அடிச் சட்டத்துக் குழியும் டம்ளருக்குள் டம்ளர் போல ஒன்றுக்குள் ஒன்று உட்காரும். பிறகு கிளிகோ என்கிற ஸ்பிரிங் கவ்விகளை வரிசையாகச் செருகித் தகட்டை இறுக்கிக்கொள்வோம். ஓட்டை அளவுக்கு ஏற்ப அவற்றுக்கு நிறம் உண்டு. வெள்ளி சின்னது, செம்பு அடுத்தது. பிறகு ரிவெட்டைச் செருகி, தலைப் பக்கம் நான் காற்றுத் துப்பாக்கியை வைப்பேன். அது சுத்தியலைப் போல டர்ரென்று அடிக்கும். உள்பக்கம் ஒருவர் கனமான இரும்புக் கட்டியை ரிவெட்டின் வாலில் நேராக அணைத்துப் பிடிக்க வேண்டும். அந்த ஒருவர்தான் என் மனைவி. சித்தப்பா, இதுதான் உங்களுக்குப் பதில்: அவள் ஒத்துக்கொள்ளவில்லை, வேலையில் பாதியை எடுத்துக்கொண்டாள்.

ரிவெட்டின் வால் நசுங்கிக் குட்டையாகி, இரண்டாவது தலையாகப் படியும். நசுங்கிய தலையின் அகலம் ரிவெட்டுத் தண்டைப்போல ஒன்றரை மடங்கு, உயரம் பாதி. அந்தத் தலை தெரிவது உள்பக்கம் இருக்கிறவருக்கு மட்டும். எனக்குத் தெரியாது! அதனால் தீர்ப்பு அவளுடையது. காதில் சத்தம் தடுக்கும் மூடி இருப்பதால் பேசினால் கேட்காது. அடித்து நிறுத்தியதும் இரும்பை எடுத்துப் பார்த்துவிட்டு, தகட்டைச் சுண்டுவாள். ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு என்றால் இன்னும் அடிக்க வேண்டும். சரிந்து படிந்துவிட்டால் மூடியைக் கழற்றிவிட்டு, "ஏங்க, இங்க வந்து பாருங்க" என்பாள். அப்போது துளையிட்டு அந்த ரிவெட்டை எடுக்க வேண்டும். ஆனால் ஒன்று, லேசாகக் கோணலான ரிவெட்டைவிட, அதை எடுக்கப் போய் பெரிதாகிப்போன ஓட்டைதான் அதிகம் கெடுதல். எதை விட்டுவிடலாம், எதை எடுத்தே ஆக வேண்டும் என்று அளவு பார்க்கக் கருவி உண்டு. ஒரு விமானத்தில் இப்படிப் பத்தாயிரத்துக்கும் மேல் ரிவெட். இருவரும் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசிக்கொள்ளாமல், இப்படித் தட்டித் தட்டியே வேலை பார்ப்போம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வரைபடத்தில் இருப்பதை மாற்றாதீர்கள். பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபரில் கலிபோர்னியாவில் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். அவர் ஓட்டியது வேறொருவர் கட்டி, இவர் பழையதாக வாங்கிய லாங்-ஈசி என்கிற வகை விமானம். எரிபொருள் தொட்டியை மாற்றுகிற வால்வை, வரைபடத்தில் இருந்த இடத்தில் வைக்காமல் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார் கட்டியவர். திரும்பிக் கையை நீட்டித்தான் அதைத் திருப்ப முடியும். விசாரணை அறிக்கையில் அது ஒரு காரணமாக எழுதப்பட்டிருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். எஞ்சின், பணம், முதல் பறப்பு மூன்றையும் இரண்டு நிமிஷத்தில் சொல்ல வேண்டும். பணம்: எஞ்சின், ப்ரொப்பெல்லர், கருவிகள் எல்லாம் சேர்ந்தால் ஒரு லட்சம் டாலரைச் சாதாரணமாகத் தாண்டும். ஆனால் ஒரே நாளில் கொடுக்க வேண்டியதில்லை, வால், இறக்கை, உடல் என்று ஒவ்வொன்றாக வாங்கலாம். முன்பணம் கட்டும் முன் கம்பெனி எவ்வளவு நாளாக நடக்கிறது என்று விசாரியுங்கள். எஞ்சின்: அவசரப்பட்டு வாங்காதீர்கள், ஓடாமல் கிடந்தால் உள்ளே துரு ஏறும். பறப்பு: சான்றிதழ் கிடைத்த பிறகும் பொதுவாக 25 அல்லது 40 மணி நேரம், குறித்த பகுதிக்குள் மட்டும் சோதித்துப் பறக்க வேண்டும், அதுவரை பயணிகளை ஏற்ற முடியாது. கட்டியவருக்கே வருடாந்திரச் சோதனை செய்கிற உரிமைச் சான்றும் கேட்டு வாங்கலாம்.

தகட்டு வேலையைக் கற்றுக்கொடுக்க வாரக்கடைசி வகுப்புகள் உண்டு. மிசூரி மாநிலத்தில் ஜெனித் என்கிற கம்பெனி, இரண்டு நாளில் ஒரு ரடரை, அதாவது வாலில் திரும்புகிற அந்தப் பலகையை, உங்கள் கையாலேயே செய்யவைத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறது. பெயிண்ட் அடிப்பதா வேண்டாமா என்கிற பெரிய சண்டையைப் பற்றியும் பேசலாம் என்று குறித்து வைத்திருந்தேன். நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.