துப்பாக்கி கைக்கு வந்த வழி

நண்பர்களே, வணக்கம். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நடக்கும் துப்பாக்கிச்சூடுகளைப் பற்றியும், அமெரிக்காவில் அதையொட்டி ஓயாமல் நடக்கும் வாக்குவாதத்தைப் பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். உங்களில் பலர் செய்தித் துறைக்குப் போகப்போகிறவர்கள். அதனால் ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்கிறேன்.

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் கரட்டடிபாளையம் என்று ஒரு ஊர். ஜி.வி.லோகநாதன் அங்கே பிறந்தவர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கி, அப்புறம் வெர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ கால் நூற்றாண்டு பாடம் நடத்தியவர். அவருடைய துறை நீரியல். 2007 ஏப்ரல் 16, திங்கட்கிழமை காலை, நாரிஸ் ஹால் என்ற கட்டடத்தில் 206ஆம் அறையில் அவர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் இரண்டு கைத்துப்பாக்கிகளோடு உள்ளே வந்தான். லோகநாதனும் அந்த வகுப்பின் 9 மாணவர்களும் இறந்தார்கள். அன்று அந்த வளாகத்தில் கொல்லப்பட்டவர்கள் மொத்தம் 32 பேர். இன்னொரு அறையில் லிவியு லிப்ரெஸ்கு என்ற 76 வயதுப் பேராசிரியர், நாஜிகள் காலத்து இனப்படுகொலையில் உயிர் தப்பியவர், கதவை உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றதால் அவருடைய மாணவர்கள் ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்பினார்கள். அவர் தப்பவில்லை.

இரண்டு நாள் கழித்து உலகம் யாருடைய முகத்தைப் பார்த்தது? கொன்றவனுடைய முகத்தை. விடுதியில் இரண்டு பேரைச் சுட்டுவிட்டு, நாரிஸ் ஹாலுக்குப் போவதற்கு முன்னால், அவன் தபால் நிலையத்துக்குப் போய் என்.பி.சி. தொலைக்காட்சிக்கு ஒரு பொட்டலம் அனுப்பியிருந்தான். தானே எடுத்த படங்கள், காணொளிகள், எழுதி வைத்த வசவுகள். 18ஆம் தேதி அது போய்ச் சேர்ந்தது, அன்று மாலையே ஒளிபரப்பினார்கள். துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்கும் அவனுடைய படம் உலகம் முழுக்கப் பரவியது. இறந்தவர்களின் குடும்பத்தாரில் சிலர் கோபத்தில் அந்தத் தொலைக்காட்சிக்குக் கொடுப்பதாக இருந்த பேட்டியை ரத்து செய்தார்கள். மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என்.பி.சி. சொன்ன நியாயம். கனடாவின் சி.பி.சி. அதை ஒளிபரப்பவே மாட்டோம் என்று முடிவெடுத்தது. சி.பி.சி. செய்ததுதான் சரி என்பது என் கருத்து. ஏனென்றால் அந்தப் பொட்டலத்திலேயே, 1999இல் கொலம்பைன் பள்ளியில் சுட்டவர்களை அவன் தியாகிகள் என்று புகழ்ந்திருந்தான். அவர்கள் எப்படிப் பிரபலமானார்கள் என்று பார்த்து வளர்ந்தவனுக்கு, அதே பிரபலத்தை நாம் கொடுத்தோம். நான் அவன் பெயரைச் சொல்லாததற்கும் அதுதான் காரணம்.

ஆனால் பெயரைச் சொல்லாமல் விடுவதோடு வேலை முடிந்துவிடாது. அந்த முகத்தையும் அவன் மனதில் என்ன இருந்தது என்பதையும் பேசிக்கொண்டே இருந்ததில் ஒரு காகிதம் போதிய கவனம் பெறாமல் போய்விட்டது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும்.

2005 டிசம்பரில், அதாவது சுடுவதற்கு ஏறக்குறைய 16 மாதம் முன்னால், வெர்ஜீனியாவில் ஒரு நீதிபதி இதே மாணவனை விசாரித்து, மனநோயால் இவன் தனக்கே ஆபத்தானவன் என்று எழுதி, மருத்துவமனையில் சேர்க்காமல், வெளியிலிருந்தபடியே சிகிச்சை பெற உத்தரவிட்டார். அமெரிக்காவின் மத்திய சட்டப்படி அப்படி ஒரு தீர்ப்பு வந்தவர் துப்பாக்கி வாங்கவே கூடாது. ஆனால் வெர்ஜீனியா மாநிலம், மருத்துவமனையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களைப் போன்ற சிலரின் விவரத்தை மட்டும், துப்பாக்கி வாங்க வருபவர்களைச் சரிபார்க்கும் மத்தியப் பதிவேட்டுக்கு அனுப்பும் வழக்கம் வைத்திருந்தது. வெளியிலிருந்து சிகிச்சை பெறச் சொன்னவர்களின் விவரம் போகாது. 2007 பிப்ரவரியில் ஒரு அடகுக் கடையில் முதல் துப்பாக்கி, மார்ச்சில் ஒரு துப்பாக்கிக் கடையில் இரண்டாவது. மாதத்துக்கு ஒரு கைத்துப்பாக்கிதான் வாங்கலாம் என்று அப்போது அந்த மாநிலத்தில் விதி இருந்தது, அதையும் அவன் மீறவில்லை. இரண்டு முறையும் கடைக்காரர்கள் பதிவேட்டில் சரிபார்த்தார்கள். தடை எதுவும் இல்லை என்றே பதில் வந்தது. கள்ளச்சந்தை இல்லை, திருட்டு இல்லை. போய்ச் சேர வேண்டிய ஒரு தகவல் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மனநோய் உள்ளவர்கள் எல்லாம் ஆபத்தானவர்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தொடுவதுகூட இல்லை. நான் சொல்வது நீதிமன்றம் விசாரித்துத் தீர்ப்பு எழுதிய ஒரு மனிதனைப் பற்றி.

சரி, துப்பாக்கி உரிமை பேசுபவர்கள் என்ன சொன்னார்கள்? அந்த வகுப்பறையில் ஒருவரிடமாவது துப்பாக்கி இருந்திருந்தால் இத்தனை பேர் செத்திருப்பார்களா என்று கேட்டார்கள். வளாகத்துக்குள் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு மாணவர்களே அந்த வருடம் இயக்கம் தொடங்கினார்கள். இதைக் கிண்டல் செய்துவிட்டுப் போவது எளிது. நான் அப்படிச் செய்ய மாட்டேன், கையில் ஒன்றுமில்லாமல் மேசைக்கு அடியில் பதுங்கியவர்களை நினைத்துக் கேட்கப்படும் கேள்வி அது. ஆனால் 2022 மே 24 அன்று டெக்சாஸின் யுவால்டியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் கொல்லப்பட்டபோது, ஆயுதமும் பயிற்சியும் உள்ள காவலர்கள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தும், ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த அறைக்குள் போகவில்லை. பயிற்சி பெற்றவர்களே தயங்கிய இடத்தில் 20 வயது மாணவன் சரியாகச் சுடுவான் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

உரிமை என்ற வாதத்துக்கும் வருகிறேன். அமெரிக்க அரசியல் சட்டத்துக்கு 1791இல் வந்த இரண்டாவது திருத்தம் தனிமனிதர் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையைக் காக்கிறது என்று 2008 ஜூனில் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி ஸ்காலியா, உரிமைத் தரப்பு கொண்டாடிய தீர்ப்பு. அதே தீர்ப்பில் அவர், குற்றவாளிகளும் மனநோயாளிகளும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற பழைய தடைகளையும், பள்ளி போன்ற இடங்களுக்குள் ஆயுதம் கொண்டுபோகத் தடை விதிப்பதையும் இது சந்தேகத்துக்கு உள்ளாக்காது என்று தெளிவாக எழுதினார். அந்த வரிகளைத் தொலைக்காட்சி விவாதங்களில் கேட்பது அபூர்வம்.

அந்தக் காகித ஓட்டையை அடைக்க எல்லாத் தரப்பும் ஒத்துக்கொண்டன என்பதுதான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. வெர்ஜீனியா ஆளுநர் டிம் கெய்ன் அதே ஏப்ரல் மாத முடிவுக்குள், வெளிநோயாளி உத்தரவுகளும் பதிவேட்டுக்குப் போக வேண்டும் என்று ஆணையிட்டார். 2008 ஜனவரியில், மாநிலங்கள் இந்த விவரங்களை ஒழுங்காக அனுப்ப உதவும் மத்தியச் சட்டத்தில் அதிபர் புஷ் கையெழுத்திட்டார். துப்பாக்கி உரிமைக்காக நிற்கும் தேசிய ரைபிள் சங்கமே அதை ஆதரித்தது. எங்கே கேள்வி குறிப்பாக இருந்ததோ அங்கே உடன்பாடு வந்தது. கடைக்காரர் அல்லாத தனிநபர்கள் விற்பதற்கும் சரிபார்ப்பு வேண்டும் என்ற இடத்தில் அது நின்றுபோனது. 20 குழந்தைகள் செத்த சாண்டி ஹூக் பள்ளித் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு, 2013 ஏப்ரலில், அப்படியான மசோதாவுக்கு செனட்டில் 54 பேர் ஆதரவு கொடுத்தும், தேவையான 60 இல்லாததால் அது விழுந்தது.

இப்போது மிச்சிகனில் ஆக்ஸ்போர்டு பள்ளியைப் பாருங்கள். 2021 நவம்பர் 30 அன்று 15 வயதுப் பையன் 4 மாணவர்களைக் கொன்றான். இந்த முறை விசாரணை அவனோடு நிற்கவில்லை. அந்தத் துப்பாக்கியை நான்கு நாள் முன்னால் வாங்கியவர் அவனுடைய அப்பா. அன்று காலைதான் பள்ளி பெற்றோரைக் கூப்பிட்டு, அவன் வரைந்திருந்த ரத்தமும் துப்பாக்கியுமான படத்தைக் காட்டியது. அவர்கள் அவனை வீட்டுக்கு அழைத்துப் போகவில்லை, அவன் பையை யாரும் திறந்து பார்க்கவில்லை. 2024இல் தாய், தந்தை இருவரையும் தனித்தனியாக நடுவர் குழுக்கள் குற்றவாளிகள் என்று அறிவித்தன. ஆளுக்கு 10 முதல் 15 ஆண்டு சிறை. பள்ளியில் பிள்ளை சுட்டதற்காக நோக்கமின்றி உயிரிழப்புக்குக் காரணமான குற்றத்தில் பெற்றோர் தண்டிக்கப்பட்டது அமெரிக்காவில் அதுதான் முதல் முறை.