லாரியை ஏற்றிக்கொண்டு மலை தாண்டும் ரயில்

[காட்சி: ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் சரக்கு முனையம். வரிசையாக நிற்கும் லாரிகள்.]

40 டன் லாரி ஒன்று சரிவுப் பாதையில் ஏறி ரயிலின் மேலேயே ஓடுகிறது. கடைசி வேகனில் ஏறி, ஒவ்வொன்றாகக் கடந்து, முன்னால் போய் நிற்கும். அதன் பின்னாலேயே அடுத்த லாரி. கிரேன் தேவையில்லை. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, டிரைவர்கள் அதே ரயிலில் இணைத்திருக்கும் படுக்கைப் பெட்டிக்குப் போய்விடுவார்கள். சுமார் 10 மணி நேரத்தில் இத்தாலியின் நோவாரா வந்துவிடும். இடையில் சுவிட்சர்லாந்தும் ஆல்ப்ஸ் மலையும் தூக்கத்திலேயே கடந்து போயிருக்கும்.

இந்தச் சேவைக்கு 'ரோலா' என்று பெயர். 2001-லிருந்து 2025 முடிவு வரை இந்தத் தடத்தில் இதை நடத்தியது ரால்பின் நிறுவனம்.

டிரைவருக்கு இதில் என்ன லாபம்? சுவிட்சர்லாந்தில் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை கனரக லாரிகள் சாலையில் ஓடக் கூடாது. ஞாயிறும் அப்படித்தான். ரயிலில் படுத்திருக்கும் நேரமோ சட்டப்படி அவருடைய ஓய்வு நேரம். அவர் தூங்க, வண்டி நகர்கிறது. முதலாளிக்கு இதைவிட என்ன வேண்டும்!

[காட்சி: கோட்ஹார்ட் சாலைச் சுரங்கத்தின் வாயில்.]

சரி, சுவிஸ்காரர்களுக்கு ஏன் இவ்வளவு அக்கறை? 1980-ல் கோட்ஹார்ட் சாலைச் சுரங்கம் திறந்ததும் மலைப் பள்ளத்தாக்குகள் லாரிப் புகையிலும் இரைச்சலிலும் சிக்கிக்கொண்டன. 1994-ல் பொது வாக்கெடுப்பு நடந்தது. ஆல்ப்ஸைக் கடந்து போகும் சரக்கு ரயிலில்தான் போக வேண்டும் என்று சுமார் 52 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். அது அரசியலமைப்பிலேயே ஏறிவிட்டது. 2001-ல் கிலோமீட்டர் கணக்கில் லாரி வரி வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கோட்ஹார்ட் சுரங்கத்துக்குள் இரண்டு லாரிகள் மோதித் தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள்.

[காட்சி: வேகனின் சக்கரங்கள், மிக அருகில்.]

இந்தச் சக்கரத்தைப் பாருங்கள். விட்டம் 36 சென்டிமீட்டர்தான். நம் முழங்காலுக்குக்கூட வராது. சாதாரண ரயில் சக்கரம் 90 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். 4 மீட்டர் உயர லாரியை வழக்கமான வேகனில் ஏற்றினால் சுரங்கத்தின் கூரையில் இடித்துவிடும். அதனால் வேகனின் தளத்தையே தரையோடு தரையாக இறக்கியிருக்கிறார்கள். ஆனால் அதே தூரத்துக்கு இந்தக் குட்டிச் சக்கரம் இரண்டரை மடங்கு அதிகமாகச் சுற்ற வேண்டும். சீக்கிரம் தேயும். பராமரிப்புச் செலவு எகிறும்.

இதைவிடப் பெரிய சிக்கல் எடை. சரக்கோடு சேர்த்து லாரியின் எஞ்சின், கியர்பாக்ஸ், கேபின் எல்லாவற்றையும் ரயில் இழுக்கிறது. கன்டெய்னரை மட்டும் தூக்கி வைத்தால் இந்த வீண் சுமை இல்லை. அப்புறம் எதற்கு ரோலா என்று கேட்கலாம். ஐரோப்பாவில் ஓடும் டிரெய்லர்களில் பெரும்பாலானவை கிரேனில் தூக்குவதற்கு ஏற்றபடி செய்யப்பட்டவை அல்ல. மலைக்கு அந்தப் பக்கம் வேறு லாரியை வைத்து டிரெய்லரை இழுத்துக்கொள்ளும் வசதி சின்ன நிறுவனங்களுக்கு இல்லை. அவர்களுக்கு ரோலாதான் வழியாக இருந்தது. என் கணக்கில் இது ஒரு இடைக்கால ஏற்பாடு. அரசு மானியம் இல்லாமல் இது ஓடியதே இல்லை.

மானியம் 2028 வரை உறுதியாகியிருந்தது. ஆனாலும் 2025 முடிவோடு நிறுத்திக்கொள்வதாக ரால்பின் அறிவித்தது. தண்டவாளப் பணிகளால் ரயில்கள் ரத்தாவது, வேகன்களுக்கு வயதாகிவிட்டது, கட்டுப்படியாகாத வரவு செலவு எல்லாம் சேர்ந்துகொண்டன.

2000-ல் சுவிஸ் ஆல்ப்ஸைக் கடந்த லாரிகள் சுமார் 14 லட்சம். இப்போது 9 லட்சத்துக்கு மேல் இருக்கிறது. சட்டம் கேட்பது 6.5 லட்சம். மலை தாண்டும் சரக்கில் சுமார் 70 சதவீதம் ரயிலில்தான் போகிறது. அதில் ரோலாவின் பங்கு சிறியதாகவே இருந்தது, பெரும்பகுதி டிரைவர் இல்லாத கன்டெய்னர்களும் டிரெய்லர்களும்தான்.

பக்கத்து ஆஸ்திரியாவில் கதை வேறு. பிரென்னர் கணவாயை ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட லாரிகள் கடக்கின்றன. வோர்கல் ஊரிலிருந்து அங்கே ரோலா ஓடுகிறது. கணவாய்க்கு அடியில் 55 கிலோமீட்டர் ரயில் சுரங்கத்தையும் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.